போக ஏழு மணி நேரம், வர ஒன்றே முக்காலா?

கேள்வி: அம்மாவைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போகிறேன். டிக்கெட்டில் சென்னையில் இரவு 11.15-க்குப் புறப்பட்டு, காலை 6.05-க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. திரும்பும்போது அங்கே இரவு 8.00-க்குக் கிளம்பி 9.40-க்கே சென்னை. எந்தக் கணக்கு சரி? அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஏழு மணி நேரம் உட்கார வைக்கப் பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள், ஏழு மணி நேரமெல்லாம் ஆகாது. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே காலை 6.05 என்றால் இங்கே 3.35. ஆக, போகும் பயணம் 4 மணி 20 நிமிடம். வரும்போது 9.40-உடன் இரண்டரையைக் கூட்டினால் சிங்கப்பூர் நேரம் நள்ளிரவு 12.10. 8 மணியிலிருந்து எண்ணினால் 4 மணி 10 நிமிடம். கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சூரியனை வைத்துப் பார்த்தால் இரு ஊர்களுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். 1982-இல் மலேசியாவோடு சேர்ந்து சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிக்கொண்டது. அதனால்தான் அங்கே ஏழு மணிவாக்கில்தான் விடிகிறது. நீங்கள் இறங்கும்போது வெளியே இருட்டாக இருக்கும், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

தூரத்துக்கு வருவோம். நேர்க்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். வங்காள விரிகுடாவைக் கடந்து, நிக்கோபார் பக்கமாகப் போய், மலாக்கா நீரிணைப் பக்கம் இறங்கும் வழி. மணிக்கு 850 கிலோமீட்டர் என்று வகுத்தால் மூன்றரை மணி நேரம்கூட வராது. ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. வானத்திலும் வகுத்த பாதையில்தான் போக வேண்டும், இறங்க வரிசையும் உண்டு. அப்புறம், டிக்கெட் நேரம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்பதில் முடிகிறது. ஓடுதளம் வரை ஊர்ந்து போவதும் அதில் சேர்த்தி. இணையத்தில் தூரத்தை மட்டும் வைத்துச் சொல்லும் நேரத்தை நம்பி, இறங்கியதும் அடுத்த விமானம் பிடிக்கத் திட்டம் போடாதீர்கள்.

மாத்திரையைக் கைப்பையிலேயே வையுங்கள், பெட்டியில் போட வேண்டாம். கடிகாரம் இரண்டரை மணி நேரம் தாவுவதால் எந்த வேளைக்கு எதைப் போடுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்கினால் இடையில் எழுந்து நடக்க வசதி.

இன்னொன்று, நிறையப் பேர் சறுக்கும் இடம் தேதி. உங்கள் விமானம் கிளம்புவது ஒரு தேதி, இறங்குவது மறுதேதி, ஹோட்டல் அறையை அதற்கேற்பப் போடுங்கள். ஒருவேளை 15-ஆம் தேதி 00.40 விமானத்துக்கு மாற்றினால், 14-ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கெல்லாம் மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும்.