நொடிக்கணக்கை விடுங்கள், வளைவைப் பாருங்கள்: சொகுசு மின்சார செடான் கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பாதி, ‘நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும்?’ என்ற ஒரே கேள்வியின் வெவ்வேறு வேடங்கள். அவற்றை ஒதுக்கிவிட்டேன். இந்த வரிசையில் நிற்கும் எந்தக் காரும் வேகத்தில் குறை வைப்பதில்லை. தினமும் நம் உடம்பும் கண்ணும் உணர்வது வேறு: வளைவில் கார் நடந்துகொள்ளும் விதம், ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகு முதுகு சொல்லும் சேதி, வெயிலிலும் மழையிலும் நிற்கும் மேற்பூச்சு.

கேள்வி: மலைப்பாதையில் ஓட்டுவது எனக்குப் பொழுதுபோக்கு. போர்ஷே டைகான், டெஸ்லா மாடல் எஸ், லூசிட் ஏர் மூன்றில் ஓட்டுபவருக்கான கார் எது?

டைகான். ஆனால் காரணம் மோட்டார் அல்ல.

மூன்றுமே இரண்டு டன்னுக்கு மேல் எடை கொண்டவை. பேட்டரி தரைக்கு அடியில் பரந்து கிடப்பதால் ஈர்ப்பு மையம் தாழ்ந்துவிடுகிறது. வளைவில் கார் அதிகம் சாய்வதில்லை. இதை வைத்து ‘எடையே தெரியவில்லை’ என்று பலர் எழுதிவிடுகிறார்கள். சாய்வு குறைந்தால் எடை குறைந்ததாகிவிடுமா? அந்த இரண்டு டன்னையும் வளைவுக்குள் இழுத்துப் பிடித்து வைப்பவை நான்கு டயர்கள்தாம். நீண்ட இறக்கத்தில் ஏழெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளை அடுத்தடுத்து வேகமாக எடுத்துப் பாருங்கள். டயர் சூடேறி, முன்சக்கரங்கள் மெல்ல வெளிப்பக்கம் நழுவத் தொடங்கும். அதை முன்கூட்டியே உள்ளங்கைக்குச் சொல்லிவிடும் ஸ்டீயரிங் எந்தக் காரில் இருக்கிறது என்பதே என் அளவுகோல்.

டைகானின் ஸ்டீயரிங் சொல்கிறது. மாடல் எஸ் துல்லியமாகத் திரும்புகிறது, ஆனால் வாயைத் திறப்பதில்லை. லூசிட் ஏர் இரண்டுக்கும் நடுவில். பெயரில் ‘ஏர்’ இருந்தாலும், ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் காரைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் அதில் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. சாதாரண சுருள் ஸ்பிரிங்தான்; ஷாக் அப்சார்பரின் இறுக்கம் மட்டும் சாலைக்கு ஏற்ப மாறும். அப்படியும் மேடுபள்ளமான வளைவில் அது நிலைகுலையாமல் போவதைப் பார்த்தால், பொறியாளர்கள் ஸ்பிரிங்கைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை என்று தோன்றும்.

பிரேக்கையும் சேர்த்துப் பாருங்கள். மாடல் எஸ் காரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, காரைப் பலமாகப் பின்னிழுக்கும். டைகான் காலை எடுத்தால் பெரும்பாலும் தன்போக்கில் உருளும்; பிரேக் மிதியை அழுத்தும்போதுதான் மின்சாரத்தை மீட்கத் தொடங்கும். அன்றாட பிரேக்கிங்கில் சுமார் 90 சதவீதத்தை மோட்டார்களே பார்த்துக்கொள்ளும் என்கிறது போர்ஷே. மோட்டார் விட்ட இடத்தில் பிரேக் பேட் தொடரும் அந்தக் கைமாற்றம் காலுக்குத் தெரியாதபடி அமைந்திருக்கிறது. ஒரே மிதியில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது பின்னடைவாகத் தோன்றலாம். மலைப்பாதையில் எனக்கு இதுதான் பிடிக்கிறது. வளைவுக்குள் நுழையும்போது காரின் எடையை எப்போது முன்பக்கம் தள்ளுவது என்பதை என் கால் தீர்மானிக்கிறது.

2024-இல் வந்த திருத்தப்பட்ட டைகானில் ‘ஆக்டிவ் ரைடு’ என்ற சஸ்பென்ஷனைக் கூடுதல் வசதியாகத் தேர்ந்தெடுக்கலாம். பிரேக் பிடித்தால் மூக்கு தாழ்வதும், முடுக்கினால் பின்பக்கம் அமுங்குவதும் ஏறக்குறைய இல்லாமல் போகும். அசத்தலான வேலைதான். ஆனால் உங்களைப் போல ஓட்டுவதற்காகவே ஓட்டுபவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கார் எவ்வளவு சிரமப்படுகிறது என்பதைச் சாய்வுதான் உடம்புக்குச் சொல்கிறது.

கேள்வி: ஆடி இ-ட்ரான் ஜிடி, டைகான் இரண்டும் ஒரே கார்தானே?

அடித்தளம் ஒன்றுதான், 800 வோல்ட் மின்னமைப்பும் ஒன்றுதான், பின் அச்சில் இருக்கும் இரண்டு வேக கியர்பாக்ஸும் ஒன்றுதான். சுபாவம் வேறு. ஆடி சற்று மிருதுவானது, நெடுந்தொலைவு போகிறவருக்கு. ஒரே மாவில் இட்லியும் ஊற்றலாம், தோசையும் வார்க்கலாம்.

கேள்வி: அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி. பெரும்பாலும் பின்சீட்டில்தான் உட்காருவார். பிஎம்டபிள்யூ ஐ7, மெர்சிடிஸ் இக்யூஎஸ் இரண்டில் எது?

ஐ7. யோசிக்கவே வேண்டாம். ஆனால் ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள், வேறு எந்த மின்சார காரைப் பார்க்கும்போதும் உதவும்.

மின்சார கார்களின் பின்சீட்டுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. பேட்டரி காலுக்கு அடியில் இருப்பதால் தரை உயர்ந்துவிடுகிறது. காற்றைக் கிழித்துச் செல்ல வேண்டும் என்பதற்காகக் கூரையைத் தாழ்த்திவிடுகிறார்கள். தரை மேலே, கூரை கீழே. நடுவில் அகப்படுவது சீட். அதைத் தாழ்த்தினால் முழங்கால் மேலெழும்பும், தொடைக்குக் கீழே தாங்கல் இருக்காது. பத்து நிமிட டெஸ்ட் டிரைவில் இது தெரியவே தெரியாது. இரண்டு மணி நேரப் பயணத்தில் முழங்கால் வலி உள்ளவர் காரை விட்டு இறங்கும்போது தெரியும். டைகானில் இதைச் சமாளிக்க, பின்சீட்டில் இருப்பவரின் பாதம் இறங்குவதற்கென்றே பேட்டரியில் ஒரு பள்ளம் விட்டிருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான், என்றாலும் அது பெரியவர்களுக்கான பின்சீட் ஆகிவிடாது.

இக்யூஎஸ் மின்சாரத்துக்கென்றே வரைந்த கார். வில்லைப் போல ஒரே வளைவாக ஓடும் கூரை. காற்றுத் தடைக் குணகம் 0.20; இந்த எண் குறையக் குறைய, கார் காற்றைச் சுலபமாகக் கிழிக்கும். அந்த அழகிய வளைவுக்கான விலையைப் பின்கதவில் தலை குனிந்து ஏறும் பயணி கொடுக்கிறார். ஐ7 அப்படியல்ல. பெட்ரோலில் ஓடும் 7 சீரிஸின் உடலையே பகிர்ந்துகொள்வதால் கூரை உயரம், கதவு அகலம், சீட் நிமிர்வு. காற்றுத் தடை 0.24 தான், எடையும் சுமார் 2.6 டன். நெடுஞ்சாலையில் கொஞ்சம் கூடுதலாக மின்சாரம் குடிக்கும், குடிக்கட்டும். அப்பா நிமிர்ந்து ஏறி, நிமிர்ந்து இறங்குவார்.

கூரையிலிருந்து இறங்கும் 31.3 அங்குலத் திரையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அது இறங்கி நின்றால் உள்கண்ணாடியில் உங்களுக்குப் பின்னால் எதுவும் தெரியாது. அப்பா அதை ஒரு வாரம் பார்ப்பார், பிறகு ஜன்னலைத்தான் பார்ப்பார். அந்தப் பணத்தைப் பின்சீட்டைச் சாய்க்கும் வசதிக்குப் போடுங்கள்.

வாங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள்: அப்பாவை அழைத்துப்போய், கார் நிற்கும்போதே ஐந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஐந்தாவது முறை அவர் எதைப் பிடித்துக்கொண்டு எழுகிறார் என்று கவனியுங்கள். விற்பனையாளர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

கேள்வி: புது மின்சார செடானில் பின்னால் உட்கார்ந்தால் என் மனைவிக்குக் குமட்டுகிறது. பழைய டீசல் காரில் இப்படி இல்லை. கார் கோளாறா?

கார் நன்றாக இருக்கிறது. மன்னிக்கவும், சந்தேகம் உங்கள் வலது கால் மேல்தான்.

பழைய காரில் வேகம் கூடப்போகிறது என்பதை எஞ்சின் சத்தம் முன்னதாகவே சொல்லிவிடும். கழுத்தும் வயிறும் தயாராகிவிடும். மின்சார காரில் அந்த முன்னறிவிப்பு இல்லை. கூடவே, நீங்கள் காலைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் கார் பின்னிழுக்கிறது; ஓட்டுகிற உங்களுக்கு அது தெரியும், பின்னால் கைப்பேசி பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது. இப்படிப் பின்னிழுத்து மின்சாரத்தை மீட்கும் மின்மீட்பு பிரேக்கிங்கை ஆகக் குறைந்த நிலையில் வையுங்கள். மிதியிலிருந்து காலை வெடுக்கென எடுக்காமல் மெல்லத் தளர்த்துங்கள். ஏர் சஸ்பென்ஷனை ஆக மிருதுவான நிலையில் வைத்திருந்தால் நடுநிலைக்கு மாற்றுங்கள். மிருது என்பது பல சமயம் படகுபோல மெல்ல ஆடுவதுதான். ஒரு வாரம் இப்படி ஓட்டிவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: 21 அங்குல வீல் போட்டால்தான் கார் எடுப்பாக இருக்கிறது. 19 அங்குலம் பொம்மைக் கார் போலத் தெரிகிறது. சொகுசு கெடுமா?

கெடும். வீல் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் குட்டையாகிறது. குழியில் விழும் அடியை முதலில் வாங்கிக்கொள்ள வேண்டியது அந்தப் பக்கச்சுவர்தான். அது இல்லாவிட்டால் அடி ரிம்முக்கும், அங்கிருந்து முதுகெலும்புக்கும் போகும். பெரிய வீலோடு டயர் அகலமும் கூடினால் ஒரு சார்ஜில் போகும் தூரமும் குறையும்.

எஞ்சின் சத்தம் இல்லாத காரில் டயர் சத்தம்தான் மேடையேறுகிறது. அதனால்தான் இந்த ரகக் கார்களின் டயர்கள் பலவற்றுக்கு உள்ளே நுரைப்பஞ்சு ஒட்டியிருக்கும். டயருக்குள் அடைபட்ட காற்று ரீங்கரிப்பதை அது விழுங்கிவிடும். டயர் மாற்றும் காலம் வரும்போது அளவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நிறுவனங்கள் தங்கள் காருக்கென்று அங்கீகரித்த டயரின் பக்கச்சுவரில் குறி இருக்கும்: பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு ‘எம்ஓ’, டைகானுக்கு ‘என்எஃப்0’. நண்பர் ஒருவர் அளவு சரியாக இருக்கிறதே என்று வேறு டயர் போட்டார். கதவுக் கண்ணாடி சரியாக மூடவில்லை என்று இரண்டு முறை பணிமனைக்குப் போய்வந்த பிறகுதான், சத்தம் கீழேயிருந்து வருகிறது என்று தெரிந்தது.

கேள்வி: செராமிக் கோட்டிங் போட்டால் கல் பட்டாலும் கீறல் விழாது, ‘9எச்’ கடினத்தன்மை என்கிறார்கள். உண்மையா?

9எச் என்பது பென்சில் கணக்கு. வெவ்வேறு கடினத்தன்மை கொண்ட பென்சில்களால் பூச்சைக் கீறிப்பார்க்கும் ஒரு சோதனை. அதில் மிகக் கடினமான பென்சில்களில் ஒன்றுக்குத் தாங்கியது என்று பொருள். நெடுஞ்சாலையில் லாரிச் சக்கரம் தெறிக்கவிடும் கல், பென்சில் அல்லவே.

காரின் மேலுள்ள பெயின்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதில் பளபளப்பைத் தருகிற, வெயிலைத் தாங்குகிற கிளியர் கோட் 40, 50 மைக்ரான். ஒரு தலைமுடியைவிட மெல்லியது. அதன்மேல் செராமிக் பூச்சு ஓரிரு மைக்ரான். அது எதைத் தடுக்கும்? தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடும், பறவை எச்சம் ஊறுவதற்குள் துடைத்தெடுக்கலாம், கழுவும் வேலை பாதியாகும். அவ்வளவு போதுமென்றால் போடுங்கள்.

கல்லடிக்கு மருந்து, பெயின்ட் மேல் ஒட்டும் பாதுகாப்புப் படலம். நல்ல படலம் பாலியூரித்தேனில், 150 முதல் 200 மைக்ரான் தடிமனில் வரும். லேசான கீறல்கள் வெயில் சூட்டில் தானாக மறையும். கார் முழுக்க ஒட்ட வேண்டியதில்லை; முன் பம்பர், பானட், பக்கக் கண்ணாடிகளின் கூடு, பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள கதவின் கீழ்ப்பகுதி போதும். ஒன்றே ஒன்று கவனம்: இக்யூஎஸ் போன்ற கார்களில் முன்முகப்பின் கறுப்புப் பலகைக்குப் பின்னால் ரேடார் போன்ற உணரிகள் ஒளிந்திருக்கின்றன. அந்த இடத்தில் எதையும் ஒட்டும் முன், பம்பருக்கு மறுபடி பெயின்ட் அடிக்கும் முன், தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்று கேளுங்கள். உலோகத்துகள் கலந்த பெயின்டைத் தடிமனாக அடித்துவிட்டால் ரேடாரின் பார்வை மங்கும்.

கேள்வி: பளபளப்பில்லாத மேட் பெயின்ட் வாங்கலாமா?

அழகு, சந்தேகமில்லை. ஆனால் மேட் பரப்பை பாலிஷ் போட முடியாது. போட்டால் அந்த இடம் மட்டும் பளபளக்கும். கீறல் விழுந்தால் கதவோ பானட்டோ, அந்தப் பலகை முழுவதற்கும் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். சுழல் பிரஷ் வைத்துக் கழுவும் இடத்துக்கு அருகிலும் போகக் கூடாது. ஐ7-இல் கிடைக்கும் இரட்டை வண்ணத்துக்கும் இதே எச்சரிக்கை. ஒரு கதவு நசுங்கினால், இரண்டு வண்ணமும் அந்த எல்லைக்கோடும் பக்கத்துப் பலகையோடு இழை பிசகாமல் சேர வேண்டும். ஆசை தீரவில்லை என்றால் பளபளப்பான பெயின்டில் வாங்கி, மேல் மேட் படலம் ஒட்டுங்கள். சலித்தால் உரித்துவிடலாம்.

கேள்வி: கார் கைக்கு வரும் நாளில் வெளிப்பூச்சை எப்படிச் சோதிப்பது?

ஷோரூம் விளக்கில் பார்க்காதீர்கள். அந்த விளக்குகள் விற்பனையாளரின் பக்கம். கழுவிய காரைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்தச் சொல்லி, குனிந்து, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். பானட்டில் தெரியும் மரக்கிளையின் பிம்பம் கூர்மையாக இருக்கிறதா, ஆரஞ்சுத் தோல் போல நெளிகிறதா? கொஞ்சம் நெளிவு எல்லாக் கார்களிலும் உண்டு. ஒரு கதவில் மட்டும் நெளிவு மாறினால் கேள்வி கேளுங்கள். கதவு இடுக்குகளில் சுண்டுவிரலை ஓட்டுங்கள்; மேலும் கீழும் இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும்.

பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியோடு போகிறவர்களுக்கு: காந்தத்தால் அளக்கும் மலிவுக் கருவி அலுமினியத்தில் வேலை செய்யாது. இந்த ரகக் கார்களில் பானட்டும் கதவும் பெரும்பாலும் அலுமினியம். இரண்டு உலோகத்தையும் அளக்கும் கருவியைக் கொண்டுபோங்கள். பம்பர் நிறம் பக்கத்துத் தகட்டைவிட ஓர் இழை மாறித் தெரிந்தால் பதற வேண்டாம். பம்பர் பிளாஸ்டிக், உலோகத்துகள் அதன்மேல் வேறு மாதிரி படியும். எல்லாம் பார்த்து முடித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். போட்ட பிறகு காட்டும் கீறல், உங்கள் கீறல்.