8 பாஸ் தாமிரம் 2%-க்குள் நெக் ஆகிவிட்டால் மாதிரி கெட்டது என்று அர்த்தமா?

ஈகேப் டையில் (வளைந்த துளை உள்ள அச்சில்) 8 முறை, அதாவது 8 பாஸ், அழுத்திய தூய தாமிரம், யீல்டு வலிமை (நிரந்தரமாக நீளத் தொடங்கும் ஸ்ட்ரெஸ், அதாவது பரப்புக்கான விசை) 380 மெகாபாஸ்கல் வருகிறது, ஆனால் இழுத்தால் 2% தாண்டுவதற்குள் நெக் (ஓரிடம் மட்டும் ஒடுங்கிப்போவது) விழுந்துவிடுகிறது, உள்ளே விரிசல் இருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஆராய்ச்சி மாணவர் என்று நினைக்கிறேன். வழிகாட்டி அந்த இழுப்புச் சோதனை கர்வைப் பார்த்து முகம் சுளித்த பிறகுதான் இங்கே வந்திருப்பீர்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது.

முதலில் பதில்: பெரும்பாலும் உங்கள் மாதிரி நன்றாகவே இருக்கிறது. அனீல் செய்த (சூடாக்கி மென்மையாக்கிய) தாமிரத்தின் யீல்டு 50-70 மெகாபாஸ்கல்தான். 90 டிகிரி டையில் ஒவ்வொரு பாஸுக்கும் ஏறக்குறைய 1 என்ற அளவுக்கு ஸ்ட்ரெய்ன் (உருமாற்ற அளவு) ஏறுகிறது. 8 பாஸ் முடிந்ததும் கிரெயின் (உலோகத்துக்குள் இருக்கும் படிகத் துணுக்கு) 200-300 நானோமீட்டருக்கு வந்துவிடும். அவ்வளவு சிறிய கிரெயினுக்குள் டிஸ்லொகேஷன் (படிக அடுக்கில் நகரும் பிசகு) சேர்ந்து நிற்க இடம் ஏது? ஒரு எல்லையில் பிறந்து எதிர் எல்லையில் போய் மறைந்துவிடுகிறது. ஆகவே இழுக்கும்போது உலோகம் மேற்கொண்டு கடினமாவதில்லை. கடினமாகும் வேகம், அந்த நேரத்து உண்மை ஸ்ட்ரெஸ்ஸைவிடக் குறைந்த உடனே நெக் தொடங்கும். நெக் எப்போது தொடங்கும் என்று கான்சிடேர் என்ற பொறியாளர் சொன்ன அதே கணக்குதான். வலிமை ஏற்கெனவே 400-ஐ ஒட்டி நிற்கும்போது அந்தக் கட்டம் 1-2 சதவீதத்திலேயே வந்துவிடுகிறது. இது நொறுங்கி உடையும் தன்மை அல்ல. உடைந்த முனையை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள், குழிகுழியாக டிம்பிள் இருக்கும், உலோகம் இழுபட்டு உடைந்ததற்கு அதுதான் அடையாளம். பரப்புக் குறைவையும் (உடைந்த இடத்தில் குறுக்குவெட்டு எவ்வளவு சுருங்கியது என்பதையும்) அளந்து பாருங்கள், கணிசமாகவே வரும்.

இனி என் கதை. 25 மிமீ கேஜ் நீளத்தில் (நீட்சியை அளக்கும் பகுதியின் நீளம்) இழுத்தபோது எனக்கு மொத்த நீட்சி 8% வந்தது. குழுக் கூட்டத்தில் ஒரு மூத்தவர், "படித்த கட்டுரைகளில் எல்லாம் 20%-க்கு மேல் போட்டிருக்கிறார்கள், உன் டையில்தான் ஏதோ கோளாறு" என்றார். மறுபேச்சு பேசவில்லை. டையைத் திரும்பப் பாலிஷ் போட்டேன், லூப்ரிகன்ட் மாற்றினேன், ஒவ்வொரு பாஸுக்கும் கட்டையை ஒரே திசையில் 90 டிகிரி திருப்பினோமா என்று குறி போட்டுச் சரிபார்த்தேன். மூன்று மாதம் போனது. வந்தது அதே 8%.

அப்புறம்தான் அந்தக் கட்டுரைகளில் மாதிரியின் அளவு என்ன என்று தேடிப் படித்தேன். பலர் இழுத்தது சில மில்லிமீட்டர் கேஜ் உள்ள குட்டி மாதிரிகளை! ஒரே கட்டையிலிருந்து 3 × 2 மிமீ குறுக்குவெட்டில் இரண்டு மாதிரி வெட்டினேன், ஒன்று 25 மிமீ கேஜ், மற்றது 5 மிமீ. நெக்கில் மட்டும் நீண்டது இரண்டிலும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் அதைக் கேஜ் நீளத்தால் வகுத்து, நெக்குக்கு முன் வந்த சீரான நீட்சியையும் கூட்டினால், 25-இல் மொத்தம் 8% பக்கம், 5-இல் 30% பக்கம். சீரான நீட்சி இரண்டிலும் அதே ஒன்றரை சதவீதம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

குட்டி மாதிரி எடுப்பவர்களைக் குறை சொல்லவில்லை. கட்டையே சிறிதாக இருந்தால் வேறு வழியில்லை. கேஜ் நீளத்தைச் சொல்லாமல் மொத்த நீட்சியை மட்டும் போட்டு ஒப்பிடுவதைத்தான் சொல்கிறேன். "நுண்கிரெயின் தாமிரத்தில் நீட்சியைக் கூட்டவே முடியாதா" என்று யாராவது கேட்கலாம். முடியும். 2002-இல் ஒரு குழு தாமிரத்தைத் திரவ நைட்ரஜன் குளிரில் 93% உருட்டி, 200 டிகிரியில் 3 நிமிடம் மட்டும் சூடாக்கி, சிறிய கிரெயின்களுக்கு நடுவே கொஞ்சம் பெரிய கிரெயின்களை வளரவிட்டு 65% மொத்த நீட்சி காட்டியது. அங்கே கடினமாவதற்கு இடம் கொடுத்தது அந்தப் பெரிய கிரெயின்கள். உங்கள் 8 பாஸ் தாமிரம் சூடு காணாதது, இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று மாதத்தில் நான் அழுத்திய கட்டைகளை வைத்துப் பின்னால் ஒரு ஃபெடீக் (திரும்பத் திரும்ப விசை கொடுத்தால் உலோகம் சோர்ந்து உடைவது) கட்டுரை வந்தது. என் பெயர் நன்றியுரையில் ஒரு வரி. கட்டையை அழுத்துவதை வெறும் கைவேலை என்று நினைக்கிறார்கள். எட்டாவது பாஸில் பிளஞ்சர் (கட்டையைத் தள்ளும் தண்டு) வளைந்துவிடுமோ என்று பயந்துகொண்டே நின்றவனுக்குத்தான் அது தெரியும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: சீரான நீட்சி, மொத்த நீட்சி, பரப்புக் குறைவு மூன்றையும் தனித்தனியாக, கேஜ் அளவோடு சேர்த்துக் கொடுங்கள். மாதிரியை வெட்டி வைத்து நாள்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். மிகத் தூய தாமிரத்தில் இவ்வளவு ஸ்ட்ரெய்ன் ஏற்றியபின் அறை வெப்பத்திலேயே மெல்ல மென்மையாவது உண்டு. இழுக்கும் அன்றைக்கே ஹார்ட்னெஸ் எடுத்து, தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.