காசியிலிருந்து திரும்பும்போது நண்பர் வீட்டுக்குப் போகலாமா?

கேள்வி: நானும் கணவரும் மாமியாரும் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு காசிக்குப் போகிறோம். திரும்பும் வழியில் நாக்பூர், செகந்திராபாத், பெங்களூரு மூன்று ஊரிலும் நண்பர்கள் இருக்கிறார்கள். ‘வீட்டுக்கு வராமல் போகக் கூடாது’ என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். மாமியாரோ, ‘சுவாமி தரிசனம் செய்துவிட்டு நேரே நம் வீட்டுக்குத்தான் வரவேண்டும். நடுவில் இன்னொரு வீட்டுப் படி ஏறினால் புண்ணியம் அங்கேயே தங்கிவிடும்’ என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாகப் போங்கள். உங்கள் மாமியார் சொல்வதை என் பாட்டியும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உள்ளூர்க் கோயிலுக்குப் போனவர்கள் வழியில் ஊர்வம்பு பேச உட்கார்ந்துவிடாமல் இருக்க அந்தக் கட்டுப்பாடு சரி. காசிக்கு அது எப்படிப் பொருந்தும்? நடந்தே போன காலத்தில் யாத்ரிகர்கள் பிறர் திண்ணையில் படுத்து, பிறர் இட்ட சோற்றைச் சாப்பிட்டுத்தான் போய் வந்தார்கள். மதுரையில் ராணி மங்கம்மாளும் ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னரும் சத்திரம் கட்டி வைத்தது வழிப்போக்கர்களுக்காகத்தானே? முறைப்படி பார்த்தால், ராமேஸ்வரத்தில் எடுத்த மணலைப் பிரயாகையில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீர் கொண்டுவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்த பிறகுதான் யாத்திரை பூர்த்தி. அதுவரை நீங்கள் யாத்ரிகர். உங்களுக்குச் சோறு போடுகிறவருக்குப் புண்ணியம் போனால் போகட்டுமே!

என் கணவரின் வங்கி வேலையால் நாங்கள் நாக்பூரில் சில காலம் குடியிருந்தோம். கீழ் வீட்டுத் தோழிக்குக் காசி போக வெகுநாள் ஆசை. முழங்கால் இடம் கொடுக்கவில்லை. பின்னாளில் நாங்கள் காசியிலிருந்து காரில் திரும்பியபோது அவர் வீட்டில் இறங்கி, ஈயம் வைத்து அடைத்த சின்னக் கங்கைச் செம்பை அவர் கையில் கொடுத்தேன். புடவைத் தலைப்பால் துடைத்தார், கண்களில் ஒற்றிக்கொண்டார். பிறகு காதருகே கொண்டுபோய் லேசாக ஆட்டி, உள்ளே தண்ணீர் அசையும் சத்தத்தைக் கேட்டார். என் புண்ணியம் அன்று அந்த வீட்டில் தங்கியிருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். மறுநாள் காலை, அவலின் மேல் கொண்டைக்கடலைக் காரக் குழம்பை ஊற்றி நாக்பூர்க்காரர்கள் சாப்பிடும் தர்ரி போஹா கொடுத்தார். வழிக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி.

மாமியாருக்காக ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பூஜைக்கான செம்பைத் தனியே கட்டி வைத்துவிட்டு, நண்பர்களுக்கான சிறு செம்புகளையும் காசிக் கயிறுகளையும் வேறு பையில் வையுங்கள். ஊர் திரும்பியதும் கங்கா பூஜையும், பலரை அழைத்துச் சாப்பாடு போடும் சமாராதனையும் அவர் விருப்பப்படியே நடக்கட்டும்.

கேள்வி: மூன்று வீட்டிலும் இரவு தங்கச் சொல்கிறார்களே?

பதில்: நாக்பூரில் மட்டும் தங்குங்கள். காசியிலிருந்து அது சுமார் 750 கிலோமீட்டர். வயதானவரோடு ஒரே நாளில் வர முடியாது. ஜபல்பூரில் விடுதியில் இரவைக் கழித்து, காலையில் கிளம்பினால் பகலிலேயே நாக்பூர் வந்துவிடலாம். சியோனியைத் தாண்டியதும் பெஞ்ச் காடு. காட்டு விலங்குகள் அடியில் கடந்துபோகச் சாலையையே பாலமாக உயர்த்தியிருக்கிறார்கள். அதை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

நாக்பூரிலிருந்து செகந்திராபாத்துக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். போய்ச் சேரும்போது மாலையாகிவிடும். நகருக்குச் சற்று முன்னால் வரும் மேட்சலில் வெளிவட்டச் சாலையில் ஏறிவிடாமல் நேரே நகருக்குள் வந்து, முதலில் விடுதியில் குளித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு நண்பர் வீட்டுக்குப் போங்கள். பல நாள் பயணக் களைப்போடும் அழுக்குத் துணி மூட்டையோடும் ஒரு குடும்பத்தின் நடுக்கூடத்தை அடைத்துக்கொள்ளக் கூடாது. மாமியார் வெங்காயம், பூண்டு சேர்க்காதவராக இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சமைத்த பிறகு சொன்னால் அந்த வீட்டுப் பெண்மணி மறுபடி அடுப்பைப் பற்றவைப்பார். உங்களில் யாருக்காவது காய்ச்சல், இருமல் இருந்தால் கைக்குழந்தை உள்ள வீட்டுக்குள் போகவே வேண்டாம்.

பெங்களூருவை இந்த முறை விட்டுவிடுங்கள். திண்டுக்கல்லிலிருந்து அது ஒரு ராத்திரி ரயில் தூரம். அந்த நண்பரைப் பார்க்கத் தனியாகவே போகலாம்.

கேள்வி: டிரைவரை என்ன செய்வது?

பதில்: இதை நீங்கள் கேட்டதே எனக்கு நிறைவாக இருக்கிறது. பலர் கேட்பதில்லை. நண்பர்கள் கூடிப் பேசும்போது வாசலில் காருக்குள் கால்களை மடக்கிப் படுத்திருக்கும் டிரைவர்களைப் பார்த்து எனக்கு மனம் கொதித்திருக்கிறது. மறுநாள் உங்கள் மூவரின் உயிரும் அவர் தூக்கத்தில் இருக்கிறது. எத்தனை பேர் சாப்பிட வருகிறோம் என்று நண்பரிடம் சொல்லும்போதே அவரையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாக்பூர் வீட்டில் ஃபேன் உள்ள அறையும் படுக்கையும் அவருக்குக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் பக்கத்து லாட்ஜில் அறை எடுத்துவிடுங்கள். அந்த வாடகையை நண்பர் கொடுக்க முன்வருவார், கொடுக்க விடாதீர்கள்.