குதிரைக்கு விற்கும் புல்லை முயலுக்குப் போடலாமா?

தம்பி, இங்கே வந்து ஆறு மாதத்துக்குள் மகளுக்காக இரண்டு முயல்களைத் தத்தெடுத்திருக்கிறீர்கள் என்று படித்தபோது மனம் நிறைந்தது. கடையில் வாங்கும் சின்னப் பொட்டலப் புல் நான்கே நாளில் தீர்ந்து கையைக் கடிக்கிறது, குதிரை வளர்ப்பவர்கள் வாங்கும் பெரிய புல்லுக்கட்டை வாங்கிப் போட்டால் முயலுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம். பதினோரு வருடமாக எங்கள் வீட்டு முயல்கள் அதைத்தான் தின்கின்றன. ஆனால் குதிரைக்கென்று சொல்லி விற்கிறார்களே என்ற நம்பிக்கையில் மட்டும் வாங்காதீர்கள். கட்டைப் பிரித்து, கையை உள்ளே விட்டு, முகர்ந்து பார்த்த பிறகே வாங்குங்கள்.

அதற்கு முன்னால் சொல்லில் ஒரு பள்ளம் இருக்கிறது. நானே விழுந்த பள்ளம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். காய்ந்து கட்டாகக் கட்டியிருந்தால் தமிழில் நாம் பெரும்பாலும் வைக்கோல் என்று சொல்லிவிடுகிறோம். இங்கே ஆங்கிலத்தில் அது இரண்டு வெவ்வேறு பொருள். தானியத்தை எடுத்த பிறகு எஞ்சும் வெறும் தாள் ‘ஸ்ட்ரா’. புல்லைப் பச்சையாக இருக்கும்போதே அறுத்து, வெயிலில் காயவைத்துக் கட்டுவது ‘ஹே’. முயலுக்கு உணவு இரண்டாவது. முதலாவது படுக்கைக்குத்தான் ஆகும். வந்த புதிதில் நான் தொலைபேசியில் ‘ஸ்ட்ரா’ வேண்டும் என்றேன். விற்பவரும் கேட்டதையே கொடுத்தார். பொன்னிறமாகப் பளபளத்தது. எங்கள் வெள்ளை முயல் அதைக் கிளறிவிட்டு மேலே ஏறிப் படுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் கொண்டைக்கடலை அளவு இருக்க வேண்டிய புழுக்கை மிளகளவாகச் சிறுத்தது. நான்காம் நாள் காலையில் கீரையைக்கூடத் தொடவில்லை, மூலையில் முதுகைக் குவித்து உட்கார்ந்திருந்தது. குடல் இயக்கம் தளர்ந்துவிட்டது என்று மருத்துவர் இரண்டு நாள் வைத்திருந்து காப்பாற்றினார். முயல் அரை நாள் எதையும் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது என்பதை அன்றுதான் கற்றேன்.

முயலின் சாப்பாட்டில் நூற்றுக்கு 80 பங்காவது புல்லாக இருக்க வேண்டும். நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் அதன் குடல் நகரும். பற்கள் ஆயுள் முழுவதும் வளர்பவை. தாடையைப் பக்கவாட்டில் அசைத்துப் புல்லை அரைப்பதால்தான் கடைவாய்ப் பற்கள் தேய்கின்றன.

குதிரைப் புல்லை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. தூசியும் பூஞ்சையும் குதிரையின் நுரையீரலுக்கு ஆகாது. அதனால் குதிரைக்காக விற்பவர்கள் பொதுவாக நன்றாகக் காய்ந்த, தூசி குறைந்த புல்லைத் தருகிறார்கள். மாட்டுக்கென்று விற்கும் கட்டில் அந்தக் கவனத்தை எப்போதும் எதிர்பார்க்க முடியாது. திமோத்தி புல், ஆர்ச்சர்ட் புல், பல புல் கலந்த மெடோ ஹே எல்லாம் நல்லவை. விலக்க வேண்டியது அல்ஃபால்ஃபா, அதாவது குதிரைமசால். பெயரிலேயே குதிரை இருக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள். அது புல்லே இல்லை, பயறு இனம். புரதமும் கால்சியமும் அதிகம். வளர்ந்த முயலுக்குத் தினமும் போட்டால் மிகுதிக் கால்சியம் சிறுநீர்ப்பையில் சேறுபோலத் தங்கலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கொடுக்கலாம். பிளாஸ்டிக் சுற்றி ஈரத்தோடு புளிக்கவைத்த ‘ஹேலேஜ்’ என்ற ஒன்றும் குதிரைக்கு விற்பார்கள். அது வேண்டவே வேண்டாம்.

இனி கட்டைப் பார்க்கும் விதம். கயிற்றை அறுத்தால் கட்டு, புத்தகத்தின் தாள்கள்போல அடுக்கடுக்காகப் பிரியும். வெளி அடுக்கு வெயிலில் வெளுத்திருந்தால் கவலையில்லை. நடு அடுக்கைப் பாருங்கள். அங்கே இளம்பச்சை இருக்க வேண்டும், முகர்ந்தால் இனிய மணம் வர வேண்டும். பூட்டிய அறையின் வாடை அடித்தால், உதறும்போது வெள்ளையாகப் புகைபோலக் கிளம்பினால், நடுவில் கைக்கு வெதுவெதுப்பாகப் பட்டால், ஈரத்தோடு கட்டியிருக்கிறார்கள். அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு பருவத்தின் முதல் அறுப்பில் தண்டு அதிகம், இரண்டாம் அறுப்பில் இலை அதிகம். என் முயல்களுக்கு இரண்டாவது பிடிக்கும். பல்லுக்காக முதலாவதையும் கலந்து போடுகிறேன். புல்லுக்கு நடுவே தடித்த தண்டும் உலர்ந்த மஞ்சள் பூங்கொத்தும் தென்பட்டால் பொறுக்கி எறியுங்கள். ராக்வொர்ட் என்ற நச்சுச் செடியாக இருக்கலாம். பச்சையில் கசக்கும் என்று விலங்குகள் ஒதுக்கிவிடும். காய்ந்தால் கசப்பு குறையும், நஞ்சு குறையாது.

விவசாயியிடம் தவறாமல் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அந்த வயலில் காட்டு முயல்கள் மேய்கின்றனவா? முயல்களைத் தாக்கும் ரத்தக்கசிவு வைரஸ் வெளிச்சூழலில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். புல்லோடும் வீட்டுக்கு வரும். உறைபெட்டியில் வைத்தாலும் சாகாது. தடுப்பூசி போட்டாயிற்றா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு பிறகு கட்டை வாங்குங்கள்.

சிறிய சதுரக் கட்டு ஏறக்குறைய 20 கிலோ இருக்கும். ஒரு முயலுக்கு நாளைக்கு 100 கிராம் என்று வைத்தால் உங்கள் இரண்டுக்கும் 100 நாள் வர வேண்டும். முயல் பாதியை இழுத்துச் சிதறடிக்கும் என்பதால் ஐம்பது நாள் என்றே கணக்கு வையுங்கள். அடுக்குமாடியில் வைக்க இடம் இல்லையென்றால் கட்டைப் பிரித்துப் பருத்திப் பைகளிலும் அட்டைப் பெட்டிகளிலும் போட்டு, தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளேயே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அறுத்த கயிற்றை உடனே அப்புறப்படுத்துங்கள். முயல் அதையும் கடிக்கும்.

கட்டு வாங்குவதற்கு முன்னால் ஒரு பை மாதிரிப் புல் கேளுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் மறுக்காமல் கொடுப்பார்கள். பழைய புல்லோடு சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். தினமும் காலையில் புழுக்கையை எண்ணிப் பார்க்கும் வேலையை மகளிடம் கொடுங்கள். பெரிதாக, உருண்டையாக, விரலால் உடைத்தால் உள்ளே பொன்னிற நார் தெரிந்தால் அடுத்த வாரமே போய்க் கட்டை வாங்கிவிடுங்கள்.