தட்டம்மை ஊசி இரண்டு தடவை எதற்கு?

கேள்வி: பி.எட். பயிற்சிக்காக தாராவியில் எட்டாம் வகுப்புக்குத் தடுப்பூசி பாடம் நடத்துகிறேன். "ஒரு தடவை போட்டது போதாதா?" என்கிறான் ஒரு பையன். உடன் படிப்பவர்கள் "இரண்டாவது பூஸ்டர்" என்கிறார்கள். சரியா?
– வாசகி, மும்பை

பதில்: சரியில்லை, ஆனால் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பூஸ்டர் என்பது ஏற்கெனவே வந்த எதிர்ப்பாற்றல் குறையும்போது அதைத் தூக்கிவிடும் ஊசி; இது அப்படியல்ல. தட்டம்மை–ரூபெல்லா ஊசி 9 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. 9 மாதக் குழந்தையின் உடலில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதம் மிச்சமிருந்தால், ஊசியிலுள்ள பலவீனமான வைரஸைப் பெருகவிடாமல் அமுக்கிவிடும். அதனால் சுமார் 85 சதவீதம் பேருக்கே முதல் ஊசி பலிக்கிறது. இரண்டாவது, முக்கியமாக விடுபட்டவர்களுக்கான மறுவாய்ப்பு.

வகுப்பில் 100 புளியங்கொட்டையைக் கொட்டி, 85-ஐ ஒதுக்கச் சொல்லுங்கள். மிச்சம் 15. இரண்டாவது ஊசி அதிலும் 85 சதவீதம் பேருக்குப் பலித்தால் 13 போய்விடும். (உண்மையில் வயது கூடுவதால் இன்னும் நன்றாகவே பலிக்கும்.) தட்டம்மை பரவாமல் தடுக்க ஏறக்குறைய 95 சதவீதம் பேருக்கு எதிர்ப்பாற்றல் வேண்டும், ஓர் ஊசியோடு நின்றால் ஏன் போதாது என்பது பையனுக்கே விளங்கும். 2022-இல் மும்பையின் கோவண்டிப் பகுதியில் தட்டம்மை பரவியதையும் சொல்லலாம்.

"ஊசி போட்டு ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்ததே" என்று பெற்றோர் கேட்பார்கள். இந்த ஊசிக்கு அது சகஜம். வைரஸ் பெருக அத்தனை நாளாகும். ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை, காய்ச்சல் ஓரிரு நாளிலேயே வந்து போய்விடும். காய்ச்சல் வராவிட்டால் ஊசி பலிக்கவில்லை என்பதும் தப்பு.