கை நடுங்கினால் டேப்லெட்டில் வரையலாமா?

கேள்வி: அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கோயில்களையும் காவிரிக் கரையையும் வாட்டர்கலரில் வரைவது வழக்கம். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் பொடி வேலை சரியாக வரவில்லை, கையும் லேசாக நடுங்குகிறது. மகள் டேப்லெட் வாங்கித் தருகிறேன் என்கிறாள். அதில் வருவது நான் வரைந்த படமா, மெஷின் வரைந்த படமா என்று மனசு ஒப்பவில்லை. வாங்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தாராளமாக வாங்கலாம் சார். ஓவிய ஆப்பில் கோடு போடுவது உங்கள் கைதான். பேனாவை அழுத்தினால் கோடு தடிக்கும், லேசாக விட்டால் மெலியும், சாய்த்தால் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்த மாதிரி நிழல் விழும். நாலு வார்த்தை சொன்னால் படம் போட்டுத் தருகிற ஏஐ வேறு சமாசாரம், அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டேப்லெட்டின் பெருமையாகப் பலரும் அடுக்குவதில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. நூற்றுக்கணக்கான பிரஷ்கள் எல்லாம் நாலு நாள் வேடிக்கை. உங்களுக்குக் கைகொடுக்கப்போவது முதலில் ஜூம். கோபுரத்தின் மூன்றாம் நிலையில் நிற்கும் துவாரபாலகரின் முகம் காகிதத்தில் கடுகளவுதான். இங்கே இரண்டு விரலால் விரித்து, அதை உள்ளங்கை அளவுக்குக் கொண்டுவந்து, கண்ணும் மீசையும் எழுதிவிட்டுச் சுருக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது ஸ்டெபிலைசர். கையின் சிறு நடுக்கத்தை வடிகட்டி, கோட்டைச் சீராக்கும் வசதி இது. முழுசாக ஏற்றிவிடாதீர்கள். கோடு பேனாவுக்குப் பின்னால் இழுபட்டு வரும், கல்தூண் பிளாஸ்டிக் குழாய் மாதிரி வழவழவென்று ஆகிவிடும். கொஞ்சம் நடுக்கம் மிச்சம் இருக்கட்டும், பழைய கோயிலுக்கு அது பொருந்தத்தான் செய்யும். (நடுக்கம் புதிதாக வந்தது என்றால் டாக்டரிடமும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.)

பிறகு லேயர். கோடு ஒரு அடுக்கில், வண்ணம் இன்னொரு அடுக்கில். வாஷ் (தண்ணீர் கலந்து பரப்பும் வண்ணப் பூச்சு) கெட்டால் காகிதமே போச்சு என்ற பயம் இல்லை. அதே கோட்டின் மேல் காலை வெயிலில் ஒன்று, அந்தியில் ஒன்று என்று போட்டுப் பார்க்கலாம். படத்தைக் கண்ணாடியில் காட்டிக் கோணலைக் கண்டுபிடிக்கும் வித்தையை மாணவர்களுக்குச் சொல்லியிருப்பீர்கள், இங்கே ஒரு தொடுதலில் படம் இடவலமாகப் புரளும்.

வயதை நினைத்துத் தயங்க வேண்டாம். 1937-ல் பிறந்த பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி, எழுபதைத் தாண்டிய பிறகுதான் ஐபோனிலும், 2010-ல் ஐபேட் வந்ததும் அதிலும் வரைய ஆரம்பித்தார். திரையே ஒளிர்வதால், விளக்குப் போடாமல் படுக்கையில் இருந்தபடியே விடியலை வரைய முடிந்தது அவருக்கு. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் 2018-ல் திறந்த வண்ணக் கண்ணாடி ஜன்னலையும் ஐபேடில்தான் வடிவமைத்தார். அதற்காக கேன்வாஸையும் விட்டுவிடவில்லை.

நீங்களும் வாட்டர்கலரை மூட்டை கட்ட வேண்டாம். ஈரக் காகிதத்தில் வண்ணம் தன் இஷ்டத்துக்கு ஓடிக் கலக்கிற சுகம் இதில் கிடைக்காது. வாட்டர்கலர் பிரஷ் என்று ஆப்பில் இருப்பதெல்லாம் அதன் சாயல்தான்.

ஆப்புக்குச் செலவு செய்ய அவசரம் இல்லை. ஆண்ட்ராய்டு டேப்லெட் என்றால் ஐபிஸ் பெயின்ட்டை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம், விளம்பரம் வரும். ஐபேட் என்றால் புரோகிரியேட், ஒரு தடவை காசு கட்டினால் போதும். பிரிண்ட் எடுக்கும் எண்ணம் இருந்தால், ஏ4 அளவுக்கு 2480 x 3508 பிக்சல் என்று ஆரம்பத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். சின்னதாக வரைந்துவிட்டுப் பிறகு பெரிதாக்கினால் மங்கும். திரையில் பளிச்சென்று தெரியும் நீலமும் பச்சையும் அச்சில் கொஞ்சம் அடங்கித்தான் வரும்.

கடைக்குப் போகும் முன் மகளிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். ரப்பர் முனை வைத்த மலிவுப் பேனா வேண்டாம், அதற்கு அழுத்தம் தெரியாது, உள்ளங்கை திரையில் பட்டாலும் கோடு விழும். அந்த மாடலுக்கென்றே வரும் பேனா இருக்கிறதா, அழுத்தத்தை உணருமா என்று கேட்டு, கடையிலேயே நாலு கோடு போட்டுப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். கண்ணாடி வழுக்குகிறது என்று தோன்றினால், காகிதம் மாதிரி லேசாகச் சொரசொரப்பாக இருக்கும் மேட் ஃபிலிம் ஒன்றும் ஒட்டிக்கொள்ளலாம்.