பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டம்) முடித்தவர் அருங்காட்சியக வடிவமைப்புக்கு வரலாமா?
தாராளமாக வரலாம் தம்பி. கடலூரில் வீட்டு பிளான் போட்டுச் சலித்துவிட்டது, அருங்காட்சியக வடிவமைப்பு இயக்குநராக எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். அந்த நாற்காலி கடைசியில்தான். முதலில் லேபிள், விளக்கு, கண்ணாடிப் பெட்டி.

ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி புதுச்சேரி அருங்காட்சியகம் போங்கள். பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைத்த பொருட்கள் முன்னால் நின்று பாருங்கள்: கண்ணாடியில் தெரிவது பொருளா, உங்கள் முகமா? லேபிளுக்குக் குனிய வேண்டியிருக்கிறதா? சக்கர நாற்காலியில் வருபவர் என்ன செய்வார்? ஒரே ஒரு பெட்டியை எடுத்து மறுபடி வரைந்துபாருங்கள். துணி, காகிதம் என்றால் வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில்தான் இருக்க வேண்டும். கூடினால் சாயம் சீக்கிரம் வெளுத்துவிடும். கணினியில் செய்த பத்து ரெண்டர் படங்களைவிட (எல்லோரிடமும் அதுதானே இருக்கிறது) அந்த ஒரு வரைபடம் போர்ட்ஃபோலியோவில் (உங்கள் வேலை மாதிரிகளின் தொகுப்பில்) பேசும்.

அப்புறம், மேலே படிக்க பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் மியூசியாலஜி (அருங்காட்சியகவியல்) முதுகலை இருக்கிறது. சம்பளம்? ஆரம்பத்தில் வீட்டு பிளானே தேவலை.